முனீஸ்வரன் கிடாவுக்குப் பல் பார்த்தவள்

தமயந்திக்கு ஆடு ஆகாது. கறி தொடமாட்டாள். ஆட்டுப்புழுக்கை எருப்போட்ட கொல்லையில் பறித்த கத்தரிக்காயைக்கூடத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவித்தான் குழம்பில் போடுவாள். பஸ்ஸில் யாராவது குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினால், இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். அப்படிப்பட்டவளுக்குத்தான் ஊரில் வேறு எவருக்கும் இல்லாத ஒரு பொறுப்பு வாய்த்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஊர் கூடி நிற்க, கிடாவின் வாய்க்குள் விரலை விட்டு அது வேட்டைக்கு ஆளாகிவிட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற பஸ்ஸில் ஏறி, கோயில் மலை முதுகைக் காட்டத் தொடங்கிய பிறகு இறங்கினால் ஏரி. ஏரியை ஒட்டி ஊர். கரைமேல் வேட்டைக்கார முனீஸ்வரன், சுருட்டும் முறுக்கு மீசையுமாக. காணும் பொங்கல் அன்று அவருக்குப் பாரிவேட்டை. ஒரு காலத்தில் புதருக்குள் புகுந்து முயலும் மானும் அடித்தார்கள். மானை அடித்துவிட்டு மலையேறி, மான் வயிற்றில் பிறந்த வள்ளி முகத்தில் எப்படி விழிப்பது என்று ஊர் யோசித்தது முதலா, வனத்துறை ஜீப் வந்து நின்றது முதலா என்று கேட்டால் இப்போது யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. மானுக்குப் பதில் ஆட்டுக்கிடா வந்தது. அறுவடை முடிந்த கழனியில் அதை அவிழ்த்துவிடுவார்கள். ஊர் இளவட்டங்கள் துரத்திக் கையால் பிடிக்க வேண்டும். பிடித்தவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினால் மேளம் மாறும். பிறகு வெட்டு.

முறை ஒன்றுதான், ஆனால் கறாரானது. பால்பல் முன்னால் இரண்டு விழுந்திருக்க வேண்டும், காயடிக்கக் கூடாது, கிடா வாடை வந்திருக்க வேண்டும். குட்டியைத் துரத்திப் பிடிப்பது வேட்டையில் சேர்த்தியில்லை. வயதைச் சொல்ல வேண்டியது தமயந்தி வாழ்க்கைப்பட்ட வீட்டின் மூத்த மருமகள். வேட்டைக்குப் போகிறவன் வாயில் வயது கேட்காதே என்று எவரோ விவரமாகத்தான் யோசித்திருக்கிறார்கள். அவள் “ஆளாயிட்டான்” என்றால் கிடா ஓடும். வெந்த கறியில் முதல் துண்டு அவளுக்கு, இரண்டாவது வேட்டை எடுத்து நடத்துகிறவருக்கு, சாமி முன்னாலேயே சாப்பிட வேண்டும். அவள் “குட்டி” என்றால் அந்த வருஷம் வேட்டை கிடையாது. அந்தக் குட்டி அவள் வீட்டுக்குப் போகும். அடுத்த காணும் பொங்கல் வரை அவளே வளர்க்க வேண்டும்.

இதனாலேயே “குட்டி” என்று சொன்னவர்கள் ஊரில் அநேகமாக இல்லை.

தமயந்தி பொதட்டூர்பேட்டைக்காரி. தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்தவள், ஆட்டுச் சத்தம் கேட்டதில்லை. அவள் கணவன் ஆனந்தன் அரக்கோணத்தில் ரயில்வே வேலை. மாமியார் ரத்தினம்மாள் படுக்கையில் விழுந்த வருஷம் விரல் இவளுக்கு மாறியது. முதல் தடவை பார்த்த கிடாவை அவள் இன்னும் மறக்கவில்லை. தாடி முழுக்கத் தன் மூத்திரத்தைத் தானே பீய்ச்சி நனைத்துக்கொண்டு, மேல் உதட்டைச் சுருட்டிப் பல்லில்லாத மேல் ஈறைக் காட்டிக்கொண்டு நின்றது. மூச்சைப் பிடித்து விரலை விட்டாள், கீழ்வரிசையில் பால்பல் விழுந்த இடத்தில் முளைத்த அகலப் பற்கள் இரண்டும் தட்டுப்பட்டன, “ஆளாயிட்டான்” என்றாள், ஓடிப்போய் ஏரித்தண்ணீரில் முழங்கை வரை தேய்த்தாள். முதல் துண்டுக் கறியை வாயில் போடுகிற மாதிரி போக்குக் காட்டி முந்தானையில் சுருட்டிப் பக்கத்து வீட்டு ஜெயம்மாவிடம் கொடுத்தாள். வருஷா வருஷம் இதே ஏற்பாடு. ஜெயம்மாவுக்கு அதில் புகாரே இல்லை.

“சாமி உனுக்குக் குடுக்குது, நீ எனுக்குக் குடுக்குற. முனீஸ்வரனுக்கு நம்ம ரெண்டு பேரும் ஒண்ணுதான்டீ,” என்பாள் வாயை மென்றுகொண்டே.

இப்படியே போயிருக்கும். தணிகாசலம் வேட்டையைக் கையில் எடுத்ததும் போக்கு மாறியது.

தணிகாசலம் ஆனந்தனின் தம்பி. திருத்தணியில் சாமியானா, சேர், லைட் வாடகைக் கடை வைத்திருக்கிறான். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண், எதைப் பார்த்தாலும் இதற்கு எத்தனை சேர் போடலாம் என்றுதான் யோசிக்கும். பாரிவேட்டைக்குப் பேனர் வந்தது. மைக் வந்தது. சென்னையிலிருந்து அவன் கூட்டாளிகள் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் வருஷமே கறியில் இடித்தது. வாடை வந்த கிடாவின் கறி எப்படி இருக்கும் என்று ஊருக்குத் தெரியும், மிளகாயையும் சீரகத்தையும் கொட்டிச் சாமி பிரசாதம் என்று விழுங்கிவிடும். வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒருவன் இலையை மடித்துவிட்டு, “மூத்திரத்துல ஊறப்போட்டீங்களா மச்சான்?” என்று கேட்டானாம். தணிகாசலத்துக்கு அது உறைத்துவிட்டது.

அடுத்த வருஷம் கிடா வளர்க்கும் பொறுப்பையும் அவனே எடுத்துக்கொண்டான். ஊர் சரி என்றது. வேலை ஒன்று குறைந்தால் யாருக்குக் கசக்கும்?

காணும் பொங்கல் வந்தது. ஏரிக்கரையில் நிற்க இடமில்லை. கைபேசிகள் தலைக்குமேல் உயர்ந்திருந்தன. கிடாவைக் கொண்டுவந்தார்கள். நெட்டைக்கால், தொங்கு காது, வடக்கத்திக் கலப்பு ஜாதி. கழுத்து மறைய மாலை, உடம்பு மறைய மஞ்சள். உயரத்தைப் பார்த்தால் கிடாதான். ஆனால் தமயந்தி கிட்டே போனதும் அவளுக்கு ஏதோ குறைந்தது. என்ன என்று மூக்குதான் முதலில் சொன்னது. நாற்றம் இல்லை. மஞ்சள் வாசனையும், அதற்கடியில் புளித்த பால் வாசனையும்.

பூசாரி ஏகாம்பரம் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். அவள் உதட்டை விலக்கி விரலை விட்டாள்.

முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் கொழகொழவென்று குழி. சூடாக ஏதோ விரலைச் சுற்றி ஊறியது. குழியின் ஓரத்தில் ஒடிந்த பல்லின் முள் ஒன்று குத்தியது. பக்கத்துப் பற்கள் அரிசி அரிசியாக இருந்தன. அவள் விரலை இழுக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. நாக்கைக் குழித்து, கண்ணை மூடி, பின்காலை உதைத்து, கிழிந்த ஈறோடு, மடி என்று நினைத்துச் சப்பியது.

விரலை உருவினாள். ரத்தமும் எச்சிலும் நூலாக நீண்டு புடவையில் விழுந்தது. தமயந்தி திரும்பிக் கரைச் சரிவில் வாந்தி எடுத்தாள்.

கூட்டம் சிரித்தது. “இன்னா தணிகாசலம், அண்ணி முழுவாம கீதா?” என்று எவனோ குரல் கொடுத்தான். அதற்கும் சிரித்தார்கள்.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். “பல்லு எங்கப்பா?”

“விழுந்துட்சி அண்ணி,” என்றான் தணிகாசலம்.

“எப்போ?”

“ரெண்டு மூணு நாளா ஆட்டமாத்தான் இருந்துச்சி.”

“ரத்தம் இன்னும் வந்துகினு கீது.”

தணிகாசலம் மைக்கைக் கீழே இறக்கினான். குரலையும் இறக்கினான். “அண்ணி. முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கணும்றதுதான முறை? விழுந்திருக்குது. எப்டி விழுந்துச்சின்னு முறை கேக்குதா? வாலாஜாவுலேந்து பிரியாணி மாஸ்டர் வந்து அடுப்பு மூட்டிட்டாரு. சொல்லிட்டுப் போய்க் கையக் கழுவிக்க.”

“கொறடு போட்டுப் புடுங்கினீங்களா?”

அவன் மைக்கைத் தட்டிப் பார்த்தான். தமயந்தி ஏகாம்பரத்தைப் பார்த்தாள். அவர் முனீஸ்வரனின் மீசையைப் பார்த்தார். கணவனைப் பார்த்தாள். ஆனந்தன் பின்னால் வந்து காதோரம், “சொல்லிட்டு வாயேன் தமயந்தி. நாளைக்குக் காலைல ட்யூட்டி எனுக்கு,” என்றான்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஆட்டோடு கிடந்தவர்கள். பல் பார்க்கத் தெரியாதவர்கள் அந்தக் கரையில் சென்னைக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் தெரியும். மாலைக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவள் விரலை விடுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் குளித்து, திருநீறு பூசி, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பொய்யை அவள் வாயால் சொல்லவைத்துவிட்டால் கறி மட்டும் அவர்களுக்கு. இத்தனை வருஷம் கிடா நாற்றத்துக்குக் குமட்டியிருக்கிறாள். மனிதர்களைப் பார்த்து அவளுக்குக் குமட்டியது அன்றைக்குத்தான்.

“குட்டி,” என்றாள்.

“அண்ணி...”

“இது பால் குடிக்குது. குட்டி.”

மேளக்காரர் கோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்னால் ஒரு கிழவர், “இந்த வருசம் நம்ம ஊட்டுல கறிக்கொழம்பு வேணாம்னு சொல்லிட்டாப்பா,” என்றார். இன்னொருவன், “பொதட்டூர்பேட்டையில லுங்கிக்குப் பல்லு பாப்பாங்க போல,” என்றான். ஏகாம்பரம் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, சொன்னது சொன்னதுதான் என்று ஒரு பூசணிக்காயைக் கொண்டுவரச் சொல்லி அதை வெட்டினார். வாலாஜா மாஸ்டர் கோழிக்கு மாறினார். கயிறு தமயந்தியின் கையில் வந்து விழுந்தது.

அவளுக்கு அதன்மேல் பாசம் வந்தது என்று நினைக்க வேண்டாம். பெயர்கூட வைக்கவில்லை. ஈறுக்கு மஞ்சள் வைத்தாள், கூழைக் கரைத்து ஊட்டினாள், பிறகு கையைத் தேய்த்துக் கழுவினாள். அது வளர்ந்தது. சித்திரையில் துவரஞ்செடியைத் தின்றது. ஆனியில் கொம்பு திரண்டது. ஆடி பிறந்து காவடிகள் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த நாளில், கொல்லைப்பக்கம் போனவள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். வாடை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று சொல்வது மரியாதைக்குத்தான். கிடா தன் தாடியில் பீய்ச்சிக்கொண்டது, முன்னங்காலில் பீய்ச்சிக்கொண்டது, கிட்டே போனவர்கள் மேலும் பீய்ச்சியது. சைக்கிள் சீட்டின்மேல் ஏறியது. தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறியது. கயிற்றில் காய்ந்த துணியில் முகத்தைத் தேய்த்தது. சோறு நாறியது, தலையணை நாறியது. ஆனந்தன் ஓவர்டைம் என்று சொல்லி அரக்கோணத்திலேயே தங்க ஆரம்பித்தான். சென்னைக் கல்லூரிக்கு ரயிலில் போய்வரும் மகள் கவிப்பிரியா ஒருநாள் வீடு திரும்பியதும் பையைத் தூக்கி எறிந்தாள்.

“அம்மா, ட்ரெயின்ல என் பக்கத்துல யாருமே உக்காரல. செண்ட்ரல் வரிக்கும்.”

“ஜன்னலோரமா உக்காந்துகினு போனியா இல்லியா? அத்தப் பாரு,” என்றாள் தமயந்தி. ஆனால் அன்றைக்கு அவளும் திருத்தணி மார்க்கெட்டில் தன் கத்தரிக்காய்க் கூடையை ஒருத்தி எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

ஆனந்தன் ஒரு யோசனை சொன்னான். தப்பான யோசனை என்றும் சொல்ல முடியாது. “மாட்டாஸ்பத்திரிக்குப் புடிச்சிகினு போய் நசுக்கிடலாம். வாடையும் போய்டும். காயடிச்சத வேட்டைக்கு எடுக்கமாட்டாங்கோ, அதுவும் பொழச்சிப் போவும். உனுக்கும் நல்லது, அதுக்கும் நல்லது.”

அவள் போனாள். கிடாவை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடி வரைக்கும் போனாள். முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளுக்கு வழிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் அவள் முறை வந்துவிடும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்துவிட்டாள்.

“இன்னாடி, பயந்துட்டியா?” என்றாள் ஜெயம்மா.

“இத்த நசுக்கிட்டா அவனுங்க இன்னொரு பால்குட்டிய வாங்கினு வருவானுங்க. அதுக்கும் கொறடு போடுவானுங்க. அதும் வாய்லயும் என் வெரல்தான் போவணும்.”

“அப்போ இத்தக் குடுக்கப் போறியா?”

“ஆளாயிட்டா குடுக்கணும்.”

“நாறுதுடீ தமயந்தி. எங்க ஊட்டுக் கெணறே நாறுது.”

“நாறட்டும்.”

தை வந்தது. தணிகாசலம் போகிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றான்.

“அண்ணி, இது ரொம்ப முத்திப்பூட்ச்சி. நான் வேற ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்.”

“பல்லு விழுந்துதா?”

“விழுந்துடும்.”

“கொறடு போடாம விழட்டும், அப்புறமா கூட்டினு வா. இந்த வருசம் இதான்.”

“இந்த நாத்தத்த எவன் துன்றது?”

“வாடை வந்த கிடாதான முறை? வந்துட்சி. எவன் துன்றான்னு முறை கேக்குதா?”

அவன் கைக்குட்டையை எடுத்துவிட்டு ஏதோ சொல்ல வந்தான். காற்று கொல்லைப்பக்கமிருந்து வீசியது. மறுபடி மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான்.

காணும் பொங்கல் அன்று போன வருஷத்தைவிடக் கூட்டம். கிடாவை அவளே இழுத்து வந்தாள். மாலை போட முன்வந்தவர்கள் தூரத்திலிருந்து வீசினார்கள். ஒன்று கொம்பில் மாட்டியது. ஏகாம்பரம் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு தலையைப் பிடித்தார். தாடி ஈரத்தில் கட்டிக்கட்டியாக ஒட்டியிருந்தது. தமயந்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் விரலை விட்டாள். பூசணி விதை போல இரண்டு பற்கள், அகலமாக, அழுத்தமாக. குறடு பட்ட பக்கத்துப் பல் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. இந்தத் தடவை அது சப்பவில்லை. கடித்தது.

“ஆளாயிட்டான்,” என்றாள். “ஓட உடுங்க.”

அவிழ்த்துவிட்டார்கள். இதற்கு முந்திய வேட்டைகளில் நாலு எட்டில் பிடிபட்ட கிடாக்களைத்தான் இளவட்டங்கள் பார்த்திருக்கிறார்கள். இது கழனியின் நடுவில் போய் நின்று திரும்பி அவர்களைப் பார்த்தது. கொம்பைத் தாழ்த்தியது. பிடிக்கப் போனவர்கள் பிடிக்கிற மாதிரி போய்ப் பிடிக்காமல் வந்தார்கள். கால் தடுக்கி விழுந்ததாகச் சிலர் சொன்னார்கள். பிடித்தவன் தோளில் சுமக்க வேண்டுமே, அதுதான் சங்கதி. கரையிலிருந்த பெண்கள் விடவில்லை. “இன்னா மாப்ள, வேட்டக்காரன்னு ஸ்டேட்டஸ் போட்டியே,” என்று ஜெயம்மா கத்தினாள். “செண்ட் அடிச்சிகினு வந்தா புடிப்பியா?”

கடைசியில் தணிகாசலமே இறங்கினான். பேனரில் அவன் படம் இருக்கிறது, கைபேசிகள் அவனைப் பார்க்கின்றன, வேறு வழியில்லை. கிடா அவனை வரப்பில் ஒரு தடவையும் சேற்றில் ஒரு தடவையும் தள்ளியது. மூன்றாம் தடவை அவன் கொம்பைப் பிடித்துவிட்டான். ஆளோடு கட்டிப் புரண்டு, இன்னும் சிலர் சேர்ந்து, எப்படியோ அவன் தோளில் ஏற்றினார்கள். வெள்ளைச் சட்டை முதுகில் மஞ்சளாக நனைந்து ஒழுக, அவன் வாயை இறுக மூடிக்கொண்டு கரையேறினான். மேளம் மாறியது.

வெட்டு நடந்தபோது தமயந்தி மற்ற வருஷங்களைப் போல் ஏரிப்பக்கம் போய்விடவில்லை. நின்று பார்த்தாள். ஒரே வீச்சு. வருஷம் முழுக்கத் தன் துணியை நாறடித்த அந்த உடம்பு மடங்கி விழுந்ததில் அவளுக்கு நிம்மதியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. விரலில் அதன் கடி மட்டும் எரிந்தது.

கறி வெந்தது. வேக வேக வாடை கூடியதே தவிரக் குறையவில்லை. மாஸ்டர் புதினாவை அள்ளி அள்ளிப் போட்டார். சென்னைக்காரர்கள் காரில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஏகாம்பரம் இலையில் முதல் துண்டை வைத்துத் தமயந்தியிடம் நீட்டினார். ஜெயம்மா வழக்கம்போல் பக்கத்தில் வந்து நின்றாள், முகம் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது.

“குடுடீ. பழக்கதோசம்,” என்றாள் மெதுவாக.

தமயந்தி கொடுக்கவில்லை. எடுத்து வாயில் போட்டாள். அவள் பயந்ததைவிட மோசமாக இருந்தது. நார், கொழுப்பு, மூத்திரம், ஒரு வருஷத்துக் கொல்லை முழுவதும் அந்த ஒரு துண்டில். தொண்டை திருப்பி அனுப்பியது. அவள் மறுபடி உள்ளே தள்ளினாள். மென்றாள். விழுங்கினாள்.

பிறகு இரண்டாவது துண்டை அவளே எடுத்துத் தணிகாசலத்தின் இலையில் வைத்தாள்.

“அண்ணி, அப்புறமா...”

“சாமி முன்னாடி.”

அவன் சுற்றிலும் பார்த்தான். ஊரும் பார்த்தது, கைபேசிகளும் பார்த்தன. எடுத்து வாயில் போட்டான். மென்றான். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. தாடை மேலும் கீழும் போனது, விழுங்கத்தான் முடியவில்லை. தமயந்தி எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அவசரமில்லை.

“மெதுவா மெல்லு,” என்றாள். “பல்லுதான் கீதே உனுக்கு.”